ஐஸ் லாரியில் படித்த படிப்பு

மாப்ள,

திருச்சியில் ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் உட்கார்ந்து இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் ஒரு அம்மா கண்ணாடிக் கதவில் ஏதோ மருந்தை அடித்துத் துடைத்துவிட்டுப் போனார். சுருக்கென்று மூக்கில் ஏறியது பார், அம்மோனியா வாடை! இந்த ஏசி அறை ஒரு நொடியில் நம்ம கோட்டைப்பட்டினம் ஐஸ் கம்பெனியாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் நன்றாக இழுத்து ஒரு மூச்சு விட்டேன். அதற்குமேல் உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். சாப்ட்வேர் இன்ஜினியர் வேலைக்கு இன்டர்வியூ முடித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் முடிவு சொல்கிறோம், இருங்கள் என்றிருக்கிறார்கள். கிடைத்தால் திங்கட்கிழமையிலிருந்து இங்கே. இல்லையென்றால் மறுபடி ஐஸ் கம்பெனிக் கம்ப்ரசர் ரூம்தான். நாற்பதைத் தாண்டியவனுக்கு நெஞ்சு இப்படியா அடித்துக்கொள்ளும்! சந்தோஷமா பயமா என்று கேட்காதே, இரண்டும்தான்.

இந்தக் கிறுக்கு எனக்கு எப்போது பிடித்தது என்று உனக்குத் தெரியும். கம்ப்ரசருக்குக் கம்ப்யூட்டர் பேனல் மாட்டினார்களே, அப்போது. புது பேனல் அடம்பிடித்து நின்றபோது கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். லேப்டாப்பைச் சொருகினாள், ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ தட்டினாள், மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. அவள் கையில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. ஸ்பேனரும் கையுமாக நின்ற நான் அசந்துபோனேன். அன்றைக்கே டீக்கடையில் உன்னிடம் சொன்னேன், நானும் இதைப் படிக்கப்போகிறேன் என்று. நீ டீயைக் குடித்து முடித்தாய். பிறகு நிதானமாகக் கேட்டாய்: "ஏன் மாப்ள, ஒம் மகளும் நீயும் ஒரே பெஞ்சுலயா ஒக்காரப் போறீங்க?"

ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தவனும் நீதான். அஞ்சல்வழி பி.சி.ஏ.வில் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவனும் நீதான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு புதுக்கோட்டையில். அறந்தாங்கி மார்க்கெட்டுக்கு ஐஸ் ஏற்றிப் போகிற உன் லாரியில் என்னையும் போட்டுக்கொள்வாய், அங்கிருந்து எனக்கு பஸ். போகிற வழியில் போன வாரப் பாடத்தை உனக்குச் சொல்லிக் காட்ட வேண்டும், அதுதான் லாரியில் ஏறுவதற்கு நீ போட்ட சட்டம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே பதில்தான் சொல்வாய்: "ஒண்ணும் வெளங்கலடா. மொதல்லேருந்து சொல்லு." ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற லூப் என்ற சமாச்சாரத்தை மட்டும் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! எரிச்சல் தாங்காமல் ஒருநாள், உன் மண்டைக்குள் என்னதான் இருக்கிறது என்று கத்தியேவிட்டேன். பின்னால் இருந்த லோடைக் காட்டி, "அதே ஐஸ்தான்" என்றாய்.

கடைசி வருடம் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். நமக்கு ஐஸை விட்டால் வேறு என்ன தெரியும்? படகுக்காரர்கள் போனிலேயே ஐஸ் சொல்லிவைக்க ஒரு புரோகிராம் எழுதினேன். பெருமையாகக் கொண்டுபோய் வகுப்பெடுக்கிற மேடத்திடம் காட்டினால், அவர் கிழமையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். திங்கள், புதன், சனி. அவ்வளவுதான் இருந்தது. மற்ற நாளெல்லாம் எங்கே என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. விசைப்படகு கடலுக்குப் போவது அந்த மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்பது நம்ம கடற்கரை ஏற்பாடு. நம்ம கம்பெனி ஓடுவதே விசைப்படகை நம்பித்தான். அதனால் நம் இரண்டு பேருக்கும் வாரம் என்றாலே அந்த மூன்று நாள்தான். மாற்றி மாற்றி எத்தனை தடவை பார்த்தோம், ஒருத்தனுக்கும் உறுத்தவில்லையே! வகுப்பே சிரித்தது. அறந்தாங்கிக்குத் திரும்பி வந்து உன்னிடம் சொன்னேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "செவ்வாக்கெழம யாரு மாப்ள ஐஸ் கேக்குறா?" என்றாய். அப்புறம்தான் நாட்டுப்படகுக்காரர்கள் நம் இருவர் நினைவுக்கும் வந்தார்கள். சிரித்த சிரிப்பில் நீ லாரியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

இன்றைக்கு இன்டர்வியூவில், நீங்கள் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். இதைத்தான் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர் மட்டும், அதற்குப் பிறகு என்ன மாற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டார். எதை எழுதினாலும் இதில் யாரை விட்டுவிட்டேன் என்று முதலில் பார்க்கிறேன் சார் என்றேன். அவர் தலையாட்டினார். நல்ல தலையாட்டலா, போய் வா என்கிற தலையாட்டலா, தெரியவில்லை.

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் நீ போய்விட்டாய். லோடு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரிவரை கூட வரவில்லை. எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டேன். படித்தால் யாரிடம் சொல்லிக் காட்டுவது? உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, ஒருநாள் கம்பெனிக்கே வந்துவிட்டாள்.

"பரிச்சைக்குப் போகலையாமேண்ணே? நீங்க சொன்ன பாடத்த வீட்டுக்கு வந்து பிள்ளைகள ஒக்கார வச்சு அப்புடியே சொல்லுவாரு. லூப்புன்னா என்னன்னு எனக்கே தெரியும்ணே."

அடப்பாவி! உனக்கு முதல் தடவையே விளங்கித் தொலைத்திருக்கிறது. எனக்குப் பதிய வேண்டுமென்றுதான் அத்தனை நாள் மண்டூகம் மாதிரி நடித்திருக்கிறாய். தங்கச்சி முன்னால் அழுதேன், மாப்ள. மறுநாளே புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினேன்.

இரு, உள்ளே கூப்பிடுகிறார்கள்.

கிடைத்துவிட்டது! மாப்ள, வேலை கிடைத்துவிட்டது! திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது வெளியே, ரோட்டோரத்தில் நின்று எழுதுகிறேன்.  வாசலில் இருந்த வாட்ச்மேனைக் கட்டிப்பிடிக்காத குறைதான். இங்கே வந்தாலும் ஒவ்வொரு வரியையும் உனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவேன், அந்தப் பழக்கம் இனிப் போகாது. பக்கத்து சீட்டுக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த போன் தங்கச்சிக்குத்தான் போட்டேன்.    சொன்னதும் போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, நீ உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் போல, சாதாரணமாகக் குரல் கொடுத்தாள்: "ஏங்க, அண்ணனுக்கு வேல கெடச்சிருச்சாம்."

பிறகு என்னிடம், "சொல்லிட்டேண்ணே" என்றாள்.