ஒரே தீ, இரண்டு சதுப்புகள்

இல்லவாரா மேட்டுநிலம்
நவம்பர் 15

டேய் டாரில்,

போனை எடுக்க மாட்டேங்கிற, அதான் கடிதம். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் நீ வேலை பார்க்கிற நிலக்கரிச் சுரங்கத்தைத் திட்டினேன், வாஸ்தவம்தான். அதுக்காக வருஷம் முழுக்கவா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ?

விஷயத்தைக் கேளு! போன கோடைத் தீயில் கருகின நம்ம மேட்டுச் சதுப்பு பச்சைப் பசேல்னு நிக்குதுடா! இன்னிக்குக் காலையில் ஈர மண்வளையிலிருந்து ராட்சதத் தும்பி ஒண்ணு வெளியே வந்துச்சு. இத்தனை வருஷமா அந்தத் தண்ணிக்குள்ளேயே புழுவா இருந்திருக்கு. இறக்கை காயிற வரைக்கும் நான் மூச்சே விடல!

அடுத்து இதுக்கு அடியிலதான் வெட்டப் போறீங்களாமே. பக்கத்துச் சதுப்பைக் காய வச்சது போதாதா? அதுக்கு அனுமதி கொடுக்கலாமான்னு டிசம்பர் மூணாம் தேதி ஊர் மன்றத்தில் விசாரணை. அதுக்குள்ள ஒரு தடவை வந்து பாரேன்.

உன் அக்கா
பிரான்வின்

நவம்பர் 18

அக்கா,

சேத்தைப் பார்த்துக் குதிக்கிற ஆளை உன்னைத் தவிர நான் பார்த்ததில்ல. நாங்க எங்கேயோ பாதாளத்துல வெட்டுறோம், மேல உன் தும்பிக்கு என்ன வந்துச்சு? பக்கத்துச் சதுப்பு காஞ்சது மழை இல்லாம. எத்தனை தடவை சொல்றது!

சனிக்கிழமை வரேன். லாமிங்டன் கேக் வேணும். கடைச் சரக்கு ஆகாது.

டாரில்

நவம்பர் 23

டேய்,

நேத்து முழங்கால் வரை புதைஞ்சு நீ போட்ட கூச்சல் இன்னும் காதுல கேக்குது! தும்பி உன் தொப்பியில உக்காந்ததும் சிலையா நின்னியே, சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்து வலி.

ஆனா அந்தக் காஞ்ச சதுப்புக்குப் போனதும் ஏன்டா வாயே திறக்கல? கேக்கைக்கூடத் தொடல. நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா? மறுபடி பேசாம இருந்துடாதே, என்னால தாங்க முடியாது.

பிரான்வின்

நவம்பர் 26

அக்கா,

நீ ஒண்ணும் சொல்லல. ரெண்டு சதுப்பும் கூப்பிடு தூரம். ஒரே தீ, ஒரே மழை. ஒண்ணுல என் பூட்ஸையே விட்டுட்டு வந்தேன். இன்னொண்ணுல மண்ணு காலடியில பொடிப்பொடியா நொறுங்குது. வெளியே தெரியற சுரங்கக் காத்துக்குழாயை அடையாளம் வச்சு, கீழ நான் தினம் போற வழிக்கு நேர் மேல நடந்து பார்த்தேன். அந்தச் சதுப்பு எங்க காயத் தொடங்குதோ, நாங்க அங்கதான் வெட்டத் தொடங்கினோம். பாறை பிளந்து தண்ணியெல்லாம் இறங்கிடுச்சு அக்கா. வெட்டி முடிச்ச அன்னிக்கு பீர் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

மூணாம் தேதி எழுந்து நின்னு இதை அப்படியே சொல்லப் போறேன். வேலை போகலாம். கூட வேலை பார்க்கிற பசங்க கண்ணாலயே எரிச்சுடுவானுங்க. பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தும்பியை நினைச்சா உன்னை மாதிரியே குதிக்கத் தோணுது!

நீ முன் வரிசையில உக்காரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கும். தும்பி கதையை முதல்ல சொல்லட்டுமா, கடைசியிலயா?

உன் தம்பி
டாரில்