‘அஞ்சு மணி ஜீப்பு’க்குக் கடைசிப் பக்கம்

11-6-2004, வெள்ளி
காலையில் கரண்ட் இல்லை. பத்து மணிக்கு மேல்தான் எங்கள் மன்றத்து நாடகத்தை டைப் அடிக்க உட்கார்ந்தேன். ‘அஞ்சு மணி ஜீப்பு’. கம்பத்தில் நாலு தெரு சேர்ந்து போட்ட நாடகம் புத்தகமாகப் போகிறது, அதுவும் என் கடையிலிருந்து! டிடிபி கடைக்காரிக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கல்யாணப் பத்திரிகை அடித்து அலுத்துவிட்டது.

கடைசிக் காட்சியில் கை நின்றுவிட்டது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் கவிழ்ந்து ஒரு பெண் செத்துப்போகிறாள். ஆள் கூட்டிப்போன கங்காணி வந்து அவள் தாயிடம் மன்னிப்புக் கேட்கிறான். நாடகம் எழுதின நோட்டில் தாய் ஒன்றரைப் பக்கம் பேசி மன்னிக்கிறாள். போன மாதம் மேடையில் அப்படியா நடந்தது? தாயாக நடித்த கருத்தம்மாள், “எம்மக பேரு என்னன்னு சொல்லுய்யா, மன்னிக்கிறேன்” என்று கேட்டுவிட்டாள். கங்காணியாக நடித்தவன் திரும்பி, திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற என்னைப் பார்க்கிறான். நான் நோட்டைப் புரட்டுகிறேன். எங்கேயுமே அந்தப் பிள்ளைக்குப் பெயர் இல்லை! பயந்துபோய்த் திரையை இழுத்துவிட்டேன். சனம் அழுதது. நாடகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டது.

நினைத்தது தப்பா? எனக்கும் அதுதான் நாடகம். அதைத்தான் அச்சடிப்பேன்.

14-6-2004
நாடகத்தை எழுதின சுயம்புலிங்கம் அண்ணனிடம் சொன்னேன். குமுளி பஸ்ஸில் கண்டக்டர். டிரிப்புக்கு நடுவில் எழுதுகிறவர். “அவ வசனத்த மறந்து உளறுனத எம்பேருல போடுவியாக்கும்? நான் எழுதுனத அடி. இல்லாட்டி நோட்டக் குடு.” வாங்கிக்கொண்டே போய்விட்டார்.

போகட்டும். டைப் அடித்தது என்னிடம் இருக்கிறது. ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் அடிக்க மாட்டேன். சம்மதம் வாங்காமல் விடவும் மாட்டேன்.

17-6-2004
நான் எதிரே வந்தால் அண்ணன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

20-6-2004, ஞாயிறு
கருத்தம்மாளுக்கு இன்று லீவு. மற்ற நாளெல்லாம் அவளும் விடியுமுன் ஜீப்பில் மலைக்குப் போகிறவள்தான். வசனம் மறந்துபோச்சா என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது. “மறப்பேனா? முழுசாச் சொல்லவா?” ஒன்றரைப் பக்கத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

பிறகு ஏன்? “ஒத்திகை பூரா செத்த புள்ள, செத்த புள்ளன்னே சொன்னீக. அன்னைக்கு அவன் வந்து நின்னப்ப கேக்கணும்னு வந்துச்சு, கேட்டேன். பெத்தவ கேக்க மாட்டாளா?”

உன் பேரையும் புத்தகத்தில் போடுவேன் என்றேன். “போடு மகாலட்சுமி. ஆனா அண்ணன் மனசு நோகக் கூடாது.” நோகாமல் எப்படி?

24-6-2004
அண்ணன் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். ஓடுகிற பஸ்ஸில் எங்கே போவார்? “டிக்கெட்டக் குடுத்துட்டேன்ல, பெறகென்ன?” என்றார். எனக்கு வாய் படபடவென்று வந்துவிட்டது — சரிண்ணே, நீங்கதான எழுதுனீக, அந்தப் புள்ள பேரு என்ன? சொல்லுங்க, நீங்க எழுதுனபடியே அடிக்கிறேன்!

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணன் முன்பக்கம் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். சே, இத்தனை பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாமோ?

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது என் சீட்டுக்கு வந்தார். “நாலு மாசம் எழுதுனேன் தாயி. ஜீப்பு டிரைவருக்குப் பேரு வச்சேன். கங்காணி வீட்டு நாய்க்குக்கூடப் பேரு வச்சேன்.” யாரோ இறங்கக் கேட்டார்கள், விசில் ஊதப் போய்விட்டார்.

2-7-2004
அண்ணன் எழுதினபடியே, கருத்தம்மாள் சொல்லக் கேட்டுத் தாயின் வசனத்தையும் அடித்து, பிழை பார்க்க அவருக்கு அனுப்பிய புரூஃப் திரும்பி வந்தது. தாயின் ஒன்றரைப் பக்கத்தையும் சிவப்பு மையில் அவரே அடித்திருக்கிறார். அந்த இடத்தில் கருத்தம்மாளின் கேள்வி. கீழே, ‘கங்காணி பதில் சொல்லவில்லை. திரை.’ முதல் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே, ‘கடைசிக் காட்சி: கருத்தம்மாள்.’ என் எழுத்துப்பிழை மூன்றையும் சுழித்து வைத்திருக்கிறார், அதையும் விடவில்லை.

17-1-2005
வருசநாட்டு மன்றம் ஒன்று புத்தகத்தைப் பார்த்துப் பொங்கலுக்கு நாடகம் போட்டது. அண்ணனும் கருத்தம்மாளும் நானும் போயிருந்தோம். மேடையில் தாய், மகள் பெயரைக் கேட்டாள். கங்காணி தலை குனிந்து நின்றான். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒருத்தி சத்தமாக ஒரு பெயரைச் சொன்னாள். அங்கேயும் ஜீப்பில் போகிறவர்கள், போய்த் திரும்பாதவர்கள் உண்டுதானே. கொஞ்சம் பொறுத்து இன்னொருத்தி, வேறு ஒரு பெயர். திரை போடுகிறவர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். கருத்தம்மாள் அழுதாள், நானும்தான்.

திரும்பும்போது, இதையும் அடுத்த பதிப்பில் சேர்ப்போமா என்று கேட்டேன்.

“வேணாம் தாயி,” என்றார் அண்ணன். “அது நாம எழுதுனது இல்ல. அவுக பெத்த புள்ளைக பேரு.”

சேர்க்க மாட்டேன். அந்தப் பெயர்களை இங்கேகூட எழுதவில்லை.