மூன்றாம் பகுதியில் ஓர் ஓட்டை

கிளியனூர்,
11-6-1963.

அன்புள்ள பாக்கியமேரிக்கு,

கோவிந்தம்மாள் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உன் காய்ச்சல் விட்டதா? நீங்கள் மூவரும் ஆய்வுக்காக விடுமுறையிலும் விடுதிச் சாப்பாட்டில் கிடக்கிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே மழை விழுந்துவிட்டது. விதைக்கடலைக்காக மல்லாட்டை உடைத்து உடைத்து, பேனா பிடித்தால் விரல் எரிகிறது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை உங்கள் விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். நானும் அவ்வளவுதான் படித்திருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லியாகிவிட்டது. பெண் பார்க்க வந்தபோது அவருடைய அம்மா என் விரலில் இருந்த மைக்கறையையே பார்த்தார்கள். தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது என்று அம்மா சமாளித்தாள்.

இதை எழுதச் சொன்னவர் தேவநாதன் அண்ணன். எதிரில் உட்கார்ந்திருக்கிறார். படித்துப் பார்த்து அவரே தபாலில் போடுவார். அடுத்த மாதம் நம் குழுவின் ஆய்வை வாசித்து, கல்லூரி மலரில் அச்சிடும்போது என் பெயர் வரக் கூடாதாம். "பொண்ணு பி.எஸ்ஸி.ன்னு தெரிஞ்சா அவங்க திரும்பிப் பார்க்காம பூடுவாங்க" என்கிறார். அம்மா கோபப்படவில்லை. "நீ நவுந்தாத்தான உன் தங்கச்சிக்கு வழி" என்றாள். நீ விழுப்புரத்தில் ஷண்டிங் பார்த்துக் கொண்டுவந்த கணக்கும் அதுதானே. ஒரு முனை அடைபட்ட சைடிங் தண்டவாளத்தில் கடைசியாக நுழைந்த பெட்டி வெளியேறாமல், உள்ளே நிற்பது நகர முடியாது.

ஆகவே என் பெயரை எடுத்துவிடுங்கள். நம் கணக்கு மிஸ்ஸிடமும் சொல்லிவிடு.

இன்னொன்று. பெட்டிகள் எந்தெந்த வரிசைகளில் வெளியே வரவே முடியாது என்று நிறுவும் மூன்றாம் பகுதி என்னுடையது. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நாம் நால்வரும் கரும்பலகையில் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது உனக்கு நினைவிருக்கும். மிஸ்ஸும் சரியென்று கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் இருக்கிறது. ஓட்டை விட்டவளே எல்லோர் முன்பும் நின்று அதை அடைக்க வேண்டும், மற்றவர் கைவைக்கக் கூடாது என்பது மிஸ் போட்ட சட்டம். கடிதத்தில் எழுதி அடைக்கிற ஓட்டை இல்லை இது. நான் பலகை முன்னால் நிற்க வேண்டும். மிஸ்ஸே அப்பாவுக்கு இரண்டு வரி எழுதினால் அப்பா தட்டமாட்டார். தப்போடு அச்சானால் உங்கள் மூவருக்கும் கெட்ட பெயர் என்று அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டினார்.

நீ கும்பிடும் மாதா உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். அந்த இடத்தை வேறு யாரும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள், மேரி.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
கோவிந்தம்மாள்