பிரிக்காத பொட்டலங்கள்

என் கல்லுளிமங்கன் அண்ணாவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அல்வாலில் நீ இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வந்திருக்கிறேன். முதலில் ஃப்ரீசரைத் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது.

ஞாயிறுதோறும் ஹப்சிகுடாவில் என் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த அலுமினியத் தாள் பொட்டலங்களை, ஒன்றுகூடப் பிரிக்காமல் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தாய். ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்து: திங்கள் அடை, செவ்வாய் பருப்பு உசிலி, புதன் புளிச்சோறு. அடியில் கிடந்த புளிச்சோறு தாளையே அரித்துப் பொத்தல் போட்டிருந்தது.

போனில் மட்டும் என்ன சாமர்த்தியம் உனக்கு! நன்றாயிருந்ததா என்றதற்கு, "ஹவ் ஜெயா, உசிலில உப்பு உறைப்பெல்லாம் கச்சிதம்" என்றாய் ஒரு தடவை. அந்த உசிலியில் நான் உப்பே போடவில்லை. என் மனசு நோகக் கூடாதென்று சொல்கிறாய் என நினைத்துச் சிரித்துக்கொண்டேன், பாவி. வாயில் வைத்தாயா என்று ஏன் கேட்கத் தோன்றவில்லை?

இளைத்துப் போகிறாயே என்று திட்டி, பொட்டலங்களைக் கூட்டினேன். "நக்கோடி, வேண்டாம், இருக்கறதே தீரல" என்றாய். அது ஒன்றுதான் நீ சொன்ன உண்மை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் தொண்டையில் கட்டி என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பே மூன்று மாதமாக மோரைத் தவிர எதுவுமே இறங்கவில்லை என்று எதிர்வீட்டு சுஜாதா அக்கா இன்றைக்குத்தான் சொன்னார். தங்கையிடம் சொல்லுங்கள் என்று அவர் கெஞ்சினாராம். "சாப்பாடு வேண்டாம்னுட்டா, அப்புறம் அவ இங்க எதுக்கு வருவா?" என்று கேட்டாயாமே.

அப்படியா நினைத்தாய், அண்ணா?

வேறெப்படி நினைப்பாய்! வாசலிலேயே பையை நீட்டி, "ஆட்டோ நிக்குது, சூடு பண்ணிச் சாப்பிடு" என்று ஓடியவள்தானே நான். உள்ளே வந்து, நீ ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

எல்லாவற்றையும் நானே பிரித்துக் கொட்டினேன். ஐஸில் விரல்கள் மரத்துப்போய், வெகுநேரம் பேனா பிடிக்க வரவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. தினமும் வருவேன், வெறுங்கையோடு. ஆட்டோவை அனுப்பிவிட்டு, உன் நாற்காலிக்கு எதிரே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பேன்.

எதற்கு வருவாள் என்று நீ கேட்ட
உன் தங்கை,
ஜெயா