அபிராமியின் பெயரில் இன்சூரன்ஸ்

மாசி 14, சனி

வெயில் கொடுமை. கிரவீனில் உள்ள எங்கள் வீட்டில் இன்று இருந்தவர்கள்: நான், மகன் ரமணன், மருமகள் வாசுகி, பேத்தி அபிராமி, வாசுகியின் தமையன் குகதாசன். எல்லோருக்கும் மோர்.

பேச்சு முழுக்க இன்சூரன்ஸ். அபிராமிக்கு வாங்கிய பழைய வெள்ளைக் கார் வாசலில் நிற்கிறது. அவளுக்குப் பத்தொன்பது வயது, புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் காரில் மாட்டும் சிவப்பு P மட்டை. அவள் பெயரைப் போட்டால் ரமணன் கட்டுவதைப்போல இரண்டு மடங்கு கேட்கிறார்களாம். கார் இல்லாமல் விடியற்காலை செவன் ஹில்ஸ் முதியோர் இல்லத்து வேலைக்குப் போக முடியாது. பஸ் பிந்தி ஏற்கெனவே ஏச்சு வாங்கியவள். வேலை போனால் படிப்பும் போச்சு.

குகதாசன் கதிரையில் சாய்ந்துகொண்டு, "மச்சான், பிள்ளையின்ர பேரைப் போடாதேங்கோ. நீங்கள் ஓடுற கார் எண்டு குடுங்கோ. எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். ரமணன் தலையாட்டினான். யார் சொன்னாலும் ஆடும் தலை.

இதே குகதாசன்தான் கலியாண வீட்டில் என் வடையைக் கல்லு என்றவர். அபிராமி பிறக்க முதல் நடந்தது. மறக்கவில்லை.

பின்னேரம் அபிராமி குசினியில் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். தன் பெயரிலேயே இன்சூரன்ஸ் கட்டிவிட்டாளாம். மெல்பேர்ன் போகச் சேர்த்த காசு. "ஏதும் நடந்தா என்னால பொய் சொல்லேலாது, அப்பாச்சி." நெஞ்சு நிறைந்தது. பாயாசம் இருந்தது, கொடுத்தேன்.

மாசி 15, ஞாயிறு

காலையில் தூறல். பிள்ளையார் கோயிலில் கார்ப் பூசை. ஐயர் நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏறி நசுக்க வேண்டும். அபிராமி மெதுவாக மிதித்தாள், கார் அசையவில்லை. முன்னால் நின்று கையை ஆட்டியது குகதாசன்: "இன்னும் குடு பிள்ளை, இன்னும்." கொடுத்தாள். பழம் நசுங்கியது, கார் துள்ளியது. அவர் பாய்ந்து விலகினார். அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய புதுக் கார் விலகவில்லை. நல்ல பள்ளம்.

பள்ளத்தைத் தடவிக்கொண்டே சொல்கிறார்: "ரமணன் ஓடினவர் எண்டு சொல்லுவம். பிள்ளை, நீயும் அப்பிடியே சொல்லு."

"நான்தான் ஓடினனான், மாமா. என்ர பேரிலதான் இன்சூரன்ஸ். உங்கட காரையும் அவையே திருத்துவினம்."

ரமணன் நிலத்தைப் பார்த்தான், பிறகு மகளின் தோளில் கை போட்டான். ஐயர் எல்லோருக்கும் திருநீறு தந்தார்.

மாசி 18, புதன்

குளிர்காற்று. முழங்கால் வலி. வாங்க: கறிவேப்பிலை, கத்தரிக்காய், தைலம்.

இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு காரையும் திருத்த ஒப்புக்கொண்டார்களாம். இள வயது என்பதால் அவள் கையிலிருந்தும் ஒரு பங்கு கட்ட வேண்டும். ரமணன் தான் தருவதாகச் சொன்னான். முன்பக்கம் நெளிந்த காரிலேயே இன்று வேலைக்குப் போனாள். வளைவில் அழகாகச் சிக்னல் போட்டாள். ஜன்னலில் நின்று பார்த்தேன், தேத்தண்ணி ஆறியது.

மத்தியானம் குகதாசன் போனில், உவளுக்குக் கார் வாங்கிக் கொடுத்ததே பிழையாம். வாசுகி சிரித்து விட்டுவிட்டாள். அபிராமி, "பாவம் மாமா" என்கிறாள். அவர்கள் மன்னிக்கட்டும். பிள்ளையார் வாசலில் நின்று என் பேத்தியைப் பொய் சொல்லச் சொன்னவரை நான் மன்னிக்க மாட்டேன். குகதாசனாம், குகதாசன்.