உன் முயலும் படையல் இலையும்

நாத்தனாரே, வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் நான் புல் தின்றேன்.

பச்சைப் புல்கூட இல்லை, காய்ந்த புல். கூடத்தில் முட்டி போட்டு, உன் முயலின் மூஞ்சிக்கு நேராக என் மூஞ்சியை வைத்து, ஒரு புல்தாளை வாயில் கவ்வி மென்று காட்டினேன். விழுப்புரத்து வீட்டில் நீ அப்படித்தானே அதற்கு ஆசை காட்டுவாய்? முயல் என்னைப் பார்த்தது. வாசலில் காஸ் சிலிண்டரை இறக்கிக்கொண்டிருந்த ஆளும் பார்த்தார். "இன்னாக்கா, வூட்ல அரிசி தீந்துபோச்சா?" என்றார்.

இன்று காலை மாடியில் காயும் புல்லைப் புரட்டிவிட்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். உன் வாசனை அது. நீ தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டை உதறினாலே அந்த மணம் வரும். "ஏண்டி, ஒரு சென்ட்டு வாங்கிப் போடக்கூடாதா? மாட்டுக்கொட்டா மாரி நாறுற" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "இது ஃபாரின் சென்ட்டு அண்ணி, உனக்கு இன்னா தெரியும்" என்பாய். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான், அதனால் எனக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் வீட்டிலிருந்து உன் அண்ணன் எடுத்துவந்தது இரண்டே சாமான். ஒன்று, கூடையில் கலெக்டர். ஒரு முயலுக்கு யாராவது கலெக்டர் என்று பேர் வைப்பார்களா? கேட்டால், "யார் வந்தாலும் எழுந்திரிக்காது, கையெழுத்தும் போடாது, வேற இன்னா பேரு வெக்கிறது?" என்பாய். இன்னொன்று, நீ வரப்புப் புல்லை அறுத்து, நிழலில் காயவைத்து, பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டிவைத்திருந்த பெரிய கட்டு. திண்டிவனம் பஸ்ஸில் கலெக்டர் மடியில் வந்தார். கட்டு கூரைமேல் வந்தது.

முதல் அமாவாசைக்குப் படையல் போட்டோம். வேர்க்கடலை வறுத்து உனக்குப் பிடித்த மல்லாட்டை உருண்டை, வடை, கேசரி எல்லாம் வைத்தேன். வெளியே நல்ல மழை. உன் அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்று "கா... கா..." என்று தொண்டை கட்டும் வரைக்கும் கூப்பிட்டார். ஒரு காக்காகூட வரவில்லை. மூஞ்சி தொங்கிப்போய்க் கீழே இறங்கினால், உன் படத்துக்கு முன்னால் இருந்த இலையில் கலெக்டர் உட்கார்ந்து மல்லாட்டை உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாடி" என்றார் உன் அண்ணன். கண்ணெல்லாம் தண்ணீர்.

அந்த நேரத்தில் கிண்டல் செய்ய எனக்கே வாய் வரவில்லை, பார்த்துக்கொள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. கலெக்டருக்குக் காலையில் நெய் பிஸ்கட், சாயங்காலம் உருண்டை, ஞாயிற்றுக்கிழமை கேசரி. பேக்கரியில் நின்று, "தங்கச்சிக்கு" என்று சொல்லியே வாங்குகிற மனுஷனை என்ன செய்வது? நானும் ஒழுங்கில்லை. அரிசி புடைக்கும்போது காலடியில் வந்து உட்காரும், ஒரு துண்டு வெல்லத்தைத் தள்ளிவிடுவேன். புல் அப்படியே கிடந்தது. கட்டு குறையவே இல்லையே, சிக்கனமான முயல் என்று நான் சந்தோஷப்பட்டேன். நல்ல ஆளைப் பார்த்துத்தான் ஒப்படைத்தாய்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் கலெக்டர் மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிஸ்கட்டைக் காட்டினாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. விடிந்ததும் புழுக்கை கூட்டுவது என் வேலை, அன்றைக்குக் கூட்ட ஒன்றுமே இல்லை. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. உன்னிடமிருந்து உயிரோடு வந்தது அது ஒன்றுதானே.

ஜல்தியாக வண்டியை எடுக்கச் சொல்லி மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். சுற்றிலும் மாடும் ஆடும். சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்டார். "கலெக்டரு" என்றார் உன் அண்ணன். வரிசையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், "வழி வுடுங்கப்பா, கலெக்டரு வந்துக்கிறாரு" என்று நகர்ந்துகொண்டார்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். "பல்லு அதிகமா வளர ஆரம்பிச்சிருக்கு. முயலுக்குப் பல்லு வளந்துகினே இருக்கும், புல்லை மென்னாதான் தேயும். வயிறு ஒழுங்கா வேலை செய்யுறதும் புல்லாலதான். வேற இன்னா குடுக்குறீங்க?"

உன் அண்ணன் சுவரைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "நெய் பிஸ்கட்டு, மல்லாட்டை உருண்டை, கேசரி."

"முயலுக்கா?"

"இல்லீங்க, என் நாத்தனாருக்கு."

டாக்டரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். உன் அண்ணன் தட்டுத்தடுமாறி படையல் கதையைச் சொன்னார். அந்தம்மா சிரிக்கவில்லை. "உங்க தங்கச்சி இருந்தப்போ இதெல்லாம் குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நீ கொடுத்ததே இல்லை. நான் விழுப்புரம் வரும்போதெல்லாம் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து அதற்கு நீட்டுவேன். நீ பாதி வழியில் பிடுங்கி உன் வாயில் போட்டுக்கொண்டு, "அதுக்கு வேணாம் அண்ணி, எனக்குத்தான் வேணும்" என்பாய். எத்தனை தரம் நடந்திருக்கும்! உன்னைத் தீனிப்பண்டாரம் என்று திட்டினேனே தவிர, எதற்காகச் செய்தாய் என்று யோசித்தேனா?

மருந்து கொடுத்தார்கள். தீவனத்தைக் கூழ்மாதிரி கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார்கள். தின்னாமல், புழுக்கை போடாமல் அரை நாள் போனாலும் உடனே தூக்கிவரச் சொன்னார்கள். மறுநாள் காலையில் கூடத்திலிருந்து "போட்டுடுச்சுடி!" என்று ஒரு சத்தம். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சரி என்று சொன்னபோதுகூட உன் அண்ணன் அப்படிக் கத்தவில்லை. அந்தச் சம்பந்தத்தை நீ வேண்டாம் என்றது வேறு கதை.

வயிறு சரியானது, கொத்தமல்லித் தழை தின்றது, ஆனால் புல்லைத் தொடவில்லை. ஒரு சாயங்காலம் உன் அண்ணன் சட்டைப்பையில் கையைவிட்டுக்கொண்டு கலெக்டர் பக்கம் நகர்ந்தார்.

"பையில இன்னா?"

"ஒண்ணே ஒண்ணுடி. பாவம், பாக்குது."

"உங்க தங்கச்சிக்குப் பசிச்சா நேரா வந்து என்னாண்ட சண்டை போட்டு வாங்கித் துன்னுவா. இது முயலுங்க. இத்தையும் அனுப்பி வெச்சிட்டு, அப்புறம் ரெண்டு இலை போடுவீங்களா?"

கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்தார். பிஸ்கட்டை இரண்டாக உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினார். ஆளுக்குப் பாதி தின்றோம்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் படிக்கட்டின் கீழே இருந்த உன் புல்கட்டு மூக்கில் பட்டது. மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்து உள்ளுக்குள் பூசணம் பிடித்திருந்தது. அதிலிருந்துதான் அவ்வப்போது ஒரு பிடி உருவிப் போட்டுக்கொண்டிருந்தோம். நீ கட்டிய கட்டு என்று தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தோம். முயல் எப்படித் தின்னும்?

போகியன்று விடியலில் உன் அண்ணனே அதை வெளியே கொண்டுபோனார். புடவைக் கரையை மட்டும் அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு நெருப்பில் போட்டார். புகை கண்ணில் பட்டது என்று இரண்டு பேருமே சொன்னோம்.

அப்புறம் புதுப்புல் அறுத்துவந்து காயவைத்து, உன் கரையாலேயே கட்டினார். டாக்டரம்மா சொன்னபடி ஒரே குவியலாகப் போடாமல் அவ்வப்போது கொஞ்சம், அதுவும் அது ஒண்ணுக்குப் போகும் தட்டுக்குப் பக்கத்தில், நடுவே இரண்டு கொத்தமல்லி ஒளித்துவைத்துப் போட்டோம். அதற்கும் மசியாததால்தான் நான் புல் தின்ன வேண்டிவந்தது. சிலிண்டர்க்காரர் போன பிறகு கலெக்டர் என் வாயில் இருந்த தாளின் மறுமுனையை மெல்ல இழுத்தார். கறக், கறக், கறக். உன் அண்ணன் உதட்டில் விரலை வைத்து, மூச்சு விடாதே என்று சைகை காட்டினார். நான் வாயில் புல்லோடு அப்படியே கிடந்தேன்.

இப்போது நன்றாகத் தின்கிறது. இன்னும் பிஸ்கட் கேட்டுக் காலைச் சுரண்டும். அப்போதெல்லாம் "அதுக்கு வேணாம், எனக்குத்தான் வேணும்" என்று நானே வாயில் போட்டுக்கொள்கிறேன். நீ விட்டுப்போனதில் இது ஒன்று என்னோடு வந்து ஒட்டிக்கொண்டது. நீ தைத்த ஜாக்கெட் எதுவும் இப்போது கொக்கி போட வரவில்லை.

இன்று தை அமாவாசை. உன் அண்ணன் குளித்துப் புது வேட்டி கட்டி, மாடிக்குப் போய்க் கூப்பிட்டார். இந்தத் தடவை காக்கா வந்தது. சோற்றைத் தொடவில்லை. தண்ணீர்த் தொட்டிமேல் வைத்திருந்த புல்கட்டிலிருந்து உன் புடவைக் கரையை இழுத்து அவிழ்த்து, கவ்விக்கொண்டு வேப்பமரத்துக்குப் போய்விட்டது. புல் முழுவதும் கீழே நின்ற அவர்மேல் கொட்டியது. அவர் அப்படியே இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கலெக்டர் அவர் மடியிலிருந்த புல்லை ஒவ்வொன்றாகத் தின்றார். பிறகு வேட்டியின் கரையைத் தின்றார். உன் அண்ணன் அசையவில்லை. வேட்டி இனிமேல் துண்டாகத்தான் ஆகும்.