நியூட்ரலில் இறங்கிய மின்சாரக் கார்

அரவேணு,
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

என் கண்ணு இந்துவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடும் கன்றும் சுகம், ஜீப்புக்கு மட்டும் உடம்பு சரியில்லாமல் போய் இப்போதுதான் தேறி வந்திருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குச் சரியாகப் போர்த்திக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார். இது அவரைப் பற்றிய விஷயம், அவர் கை படாமல் உன்னிடம் வந்து சேர வேண்டும். உனக்கு மிளகாய்ப் பொடி பக்குவம் எழுதுகிறேன் என்று சொல்லித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சித்திரைக் கடைசியில் கோயமுத்தூரில் வந்து இறங்குகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து, உன்னை எந்த வண்டியில் அழைத்து வருவது என்பதுதான் இந்த வீட்டில் பேச்சு. அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் நீ நார்வேக்குக் கிளம்பிய அன்று, மாடு கன்று போடப் போகிறது, நான் வரவில்லை என்று சொல்லி வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டேன். நீ வளைவு திரும்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே போனாய். நான் வெளிநாடு போவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அந்தக் கோபம்தான் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாயாமே. கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. மாடு கன்று போட அதற்கப்புறம் இருபது நாள் ஆனது. ஜீப்பின் டீசல் வாடைதான் காரணம். கல்யாணமாகி வந்த நாள் முதலாக நான் அதில் மலை இறங்கினால் குஞ்சப்பனை வருவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தி வாந்தி எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் உன் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் போனபோது பட்டுப்புடவையை மண்டபத்துக் குழாயடியில் அலசிக் கட்டியவள் நான். ஊருக்கே தெரிந்த டிரைவரின் பெண்டாட்டி, விமான நிலையத்தில் படித்தவர்கள் நடுவில் எலுமிச்சம்பழமும் கையுமாக எப்படி நிற்பது என்று வெட்கப்பட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, மூன்று வருஷமாக அது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. இந்தத் தடவை நீ வெளியே வரும்போது அந்த வாசலில் நான் நிற்க வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

இனி ஜீப் ஸ்டாண்டு கதை. உனக்கு ஆறாம் வகுப்பில் அறிவியல் எடுத்தாரே தபித்தாள் டீச்சர், அவர் ஓய்வு பெற்று வந்ததும் தை மாதத்தில் ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கினார். அதிலிருந்து ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் சட்டசபைதான். நாடு எண்ணெய்க்கு அடுத்தவர் கையை எதிர்பார்த்து இருக்கக் கூடாது, குந்தா, பைக்காரா அணைகளில் நம் மழைத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்கள், நம் மழையிலேயே நாம் ஓடலாமே என்பது டீச்சர் கட்சி. உன் அப்பா எழுந்து, “ஏனுங்க டீச்சர், மழை பெஞ்சாக் கரண்டு வருதுங்கறீங்க, நம்மூர்ல மழை பெஞ்சாத்தானுங்க கரண்டே போகுது” என்றாராம். அதோடு விட்டாரா, அந்த பேட்டரிக்குள் இருப்பது எந்த ஊர்ச் சரக்கு, எண்ணெய்க்கு ஒருத்தன் வாசலில் நின்றோம், இனி பேட்டரிக்கு இன்னொருத்தன் வாசலில் நிற்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். அது நியாயமான கேள்விதான், டீச்சரும் ஒத்துக்கொண்டார். நீ போனில் சொன்னதை, நார்வேயில் பனியிலும் எல்லோரும் மின்சாரக் காரில்தான் போகிறார்கள், எண்ணெயை மட்டும் எடுத்து வெளியே விற்கிறார்கள் என்று நானே அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். பலகாரக் கடைக்காரன் தன் பலகாரத்தைத் தின்னமாட்டான், அந்தச் சங்கதிதான் என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் புகுந்தார், தைலம் காய்ச்சுகிற வெள்ளியங்கிரி. அரபு நாட்டு எண்ணெயும் வேண்டாம், வெளிநாட்டு பேட்டரியும் வேண்டாம், நம் மலையில் தைல மரத்து இலை உதிர்ந்து வீணாகக் கிடக்கிறது, அதைக் காய்ச்சி ஊற்றினாலே வண்டி ஓடும் என்று அடித்துச் சொன்னார். உன் அப்பாவுக்கு டீச்சரிடம் தோற்கக் கூடாது என்ற வேகம். பத்து லிட்டர் டீசலில் மூன்று லிட்டர் தைலத்தைக் கலந்துவிட்டார். வண்டி ஓடியது கண்ணு, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஓடிய வழியெல்லாம் அரவேணுவே ஆவி பிடித்தது. பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்கள் மூக்கை நீட்டி இழுத்துக்கொண்டார்களாம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஈவ்லின், அன்றைக்குச் சளி என்று ஒருத்தரும் வரவில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் பின்னால் ஏற்றியிருந்த பச்சைத் தேயிலையை ஃபேக்டரியில் இறக்கவிடவில்லை. தேயிலைதான் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளுமே, முப்பது வருஷமாக இலை ஏற்றுகிறவருக்கு இது தெரியாதா. இதைக் குடிக்கிறதா நெற்றியில் தேய்க்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் ரப்பர் ஹோஸ் தைலத்தில் ஊறி அப்பளம் மாதிரி ஆகிப் பிய்ந்துபோனது. ஜீப் பத்து நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

அந்தப் பத்து நாளில்தான் எனக்கு விடிந்தது. கோத்தகிரி சந்தைக்குப் போகிறேன், வா பாலாமணி என்று டீச்சர் கூப்பிட்டு முன் சீட்டில் உட்கார வைத்தார். வாடை இல்லை, உறுமல் இல்லை. போய் வந்து காப்பி குடித்தேன், வயிறு பேசாமல் இருந்தது. நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்த முள் பச்சைப் பக்கம் போகும், அப்போது சக்கரம் சுற்றுகிற வேகமே பேட்டரிக்குக் கரண்டாகத் திரும்புகிறது என்று டீச்சர் காட்டினார். எனக்கு அந்த முள்ளைப் பார்ப்பது பிடித்துப்போயிற்று. அவர்கள் நாட்டின் விடுதலைக்குச் சண்டை போடட்டும், எனக்கு என் வயிற்றிடமிருந்து விடுதலை கிடைத்தால் போதும் என்று அன்றைக்கே மின்சாரக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

உடனே அப்பாவிடம் சொன்னேன், டீச்சரிடம் காரைக் கேளுங்கள், மேட்டுப்பாளையம் வரை என்னைக் கூட்டிப் போய்ப் பாருங்கள், அதுவரை தாங்கினால் விமான நிலையம் வரை தாங்குவேன் என்று. டீச்சர் தாராளமாகக் கொடுத்தார். முந்தின நாள் கோடை மழையில் மரம் விழுந்து கரண்ட் போயிருந்ததால் பேட்டரி பாதிக்கும் குறைவு. இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், போதும் என்று சொல்லி எப்படி ஓட்ட வேண்டும் என்பதையும் சொன்னார். உன் அப்பா தலையை ஆட்டினார். எதையும் காதில் வாங்காதபோதுதான் அவர் அவ்வளவு பலமாக ஆட்டுவார் என்பது உனக்கும் தெரியும்.

மலை டிரைவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் தள்ளிவிட்டு உருட்டிக்கொண்டே வருவார்களே, இரண்டாம் கியரில் போ என்று வளைவுக்கு வளைவு போர்டு வைத்தும் விடாத பழக்கம். அதையே இந்தக் காரிலும் செய்தார். பேட்டரி மிச்சமாகட்டும் என்று கியர் திருகும் குமிழை N-இல் வைத்துவிட்டு பிரேக்கிலேயே இறக்கினார். முள் அசையாமல் நடுவில் நிற்பதைப் பார்த்து, பச்சைக்குப் போகவில்லையே என்றேன். “நீ சும்மா இரு பாலா, முப்பது வருச ரோடு இது எனக்கு” என்றார். பிரேக் காய்ந்த வாடை கொஞ்சம் வந்தது, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன், வாந்தி வரவில்லை. ஆனால் திரும்பி ஏறும்போது குஞ்சப்பனை தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. ஆயம்மாள் பஜ்ஜிக் கடையில் மாவு கிரைண்டரைப் பிடுங்கிவிட்டு எங்கள் வயரைச் சொருகி நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். போகிற வருகிற டிரைவர்கள் எல்லோரும் உன் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள், ஒருத்தர் விடாமல் நிறுத்தி, என்னண்ணா, டீசல் தீர்ந்துபோச்சா என்று கேட்டார்கள். ஆறு பஜ்ஜி தின்றேன். அவர் ஒன்றும் தின்னவில்லை.

இதெல்லாம் சமவெளிக்குச் செய்த வண்டி, மலைக்கு ஆகாது, பாப்பாவைக் கூட்டி வர ஜீப்தான், நீ வீட்டிலேயே இரு என்று வீட்டுக்கு வந்ததும் முடிவு சொல்லிவிட்டார். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதேன், அதையும் உனக்கு மறைக்கப் போவதில்லை. மறுநாள் டீச்சர் திரையைத் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்த கரண்ட் ஒன்றுமே இல்லை என்று காட்டியது. “ஏனுங்கண்ணா, நியூட்ரல்லயா இறக்குனீங்க?” என்று மெதுவாகத்தான் கேட்டார். நியூட்ரலில் உருட்டினால் கரண்ட் திரும்பாதாம். உன் அப்பா வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றார்.

இரண்டு நாள் ஸ்டாண்டுக்கே போகவில்லை. மூன்றாம் நாள் நான் பால் கறந்துகொண்டிருக்கும்போது வந்து நின்று, அந்த முள் எப்போது பச்சைக்குப் போகும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் வண்டியைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மறுபடி காரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். டீச்சர் N என்ற எழுத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்திருந்தார். உன் அப்பா ரோட்டைப் பார்த்தார், நான் முள்ளைப் பார்த்தேன், காலை எடுங்கள், இப்போது பச்சை, இப்போது இல்லை என்று வளைவு வளைவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கீழே போய்ச் சேர்ந்தபோது, அரவேணுவில் இருந்ததைவிட பேட்டரியில் கூடுதலாக இருந்தது. என் வயிறும் சுத்தம். உன் அப்பா இறங்கி மலையைத் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தார். “முப்பது வருசமா இந்த எறக்கத்துல எத்தனை வீணாக்கிப் போட்டேன் பாலா” என்றார். கேட்டில் நின்று நான் வீணாக்கிய நாளெல்லாம் எனக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு இளநீர் குடித்தோம்.

இப்போது உன் அப்பா ஸ்டாண்டில், இறக்கத்தில் கரண்ட் எடுப்பது எப்படி என்று டீச்சருக்கே பாடம் நடத்துகிறார். பேட்டரிக்குள் எந்த ஊர்ச் சரக்கு என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை, அதனால் சட்டசபை நடந்துகொண்டேதான் இருக்கிறது. வெள்ளியங்கிரியும் விடவில்லை, தைலத்தில் ஜெனரேட்டர் ஓட்டி அதில் கார் பேட்டரி ஏற்றலாம் என்கிறார். நீ வரும் நாளுக்கு டீச்சர் காரைத் தருவதாகச் சொல்லிவிட்டார். சின்னக் கார், நாலு பேர் உட்கார்ந்தால் பெட்டி ஒன்றிரண்டுதான் வைக்கலாம், நிறையச் சுமந்து வராதே. இடம் போதவில்லை என்றால் பெட்டி பஸ்ஸில் வரும், நான் காரில்தான் வருவேன், உன் அப்பாவிடமும் சொல்லியாகிவிட்டது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனசு ஒத்து, நூறு வருஷம் நன்றாக இருக்க அந்த மாரியம்மன் துணை இருப்பாள். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே சாமி, விமானத்திலிருந்து இறங்கி வரும்போது சென்ட் மட்டும் அடித்துக்கொண்டு வராதே. டீசல் வாடையைத் தாண்டி வந்துவிட்டேன், சென்ட் வாடை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் கழித்து உன்னைக் கட்டிப் பிடிக்கப் போகிறேன், சீக்கிரம் விடுகிற உத்தேசம் இல்லை.

உன்னை வாசலிலேயே வந்து பார்க்கப் போகும் அம்மா,
ஜெ. பாலாமணி